ஒரு கிலோ காரல்

கில்பர்ட்டிடம் மீன் வாங்குகிறவர்களில் ஏழு பேர் மட்டும் செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை, தராசில் கண் வைப்பதில்லை, "நேத்து மீன இன்னைக்குக் கொண்டாந்து என் தலையில கட்டுறியா?" என்று சண்டைக்கு வருவதுமில்லை. மேலே நின்று, மேலேயே வாங்கிக்கொண்டு, மேலேயே போய்விடுவார்கள். கூத்தங்கண்மாய்க் கரையின் பனைகளில் இருக்கும் செம்பருந்துகள் அவை. உடம்பு செங்கல் நிறம், தலையும் மார்பும் சுண்ணாம்பு அடித்த வெள்ளை. கடற்கரையில் அதைப் பிராந்து என்பார்கள். சிக்கல் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்துவிட்டால் அதே பறவை கருடன் ஆகிவிடும். கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

கில்பர்ட்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. தங்கச்சிமடத்தில் கடல்காரர் வீட்டில் பிறந்தும் கடல் ஒத்துக்கொள்ளாத பிறவி. வத்தைப் படகு கரையை விட்டு நகர்வதற்குள் குடலைப் பிடுங்கிக்கொண்டு வாந்தி வரும். அவருடைய அய்யா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்துப் பார்த்தார், கடைசியில் "ஏலே, நீ கரையிலயே கெட" என்று தண்ணி தெளித்து விட்டுவிட்டார். கரையில் கிடந்தவருக்கு வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு ஜோலி இல்லை. பிறகு ஜோதிமேரியைக் கட்டிக்கொண்டு புதுமடம் பக்கம் வந்தார். மீனைப் பிடிக்க வராவிட்டால் என்ன, விற்க வருமே என்று ஒரு டிவிஎஸ் வண்டியும் தெர்மாகோல் பெட்டியும் வாங்கினார். பதினாறு வருஷமாக ராமநாதபுரம் தாண்டி, சிக்கல் தாண்டி, கடைசி ஊராகக் கூத்தங்கண்மாய் வரை போய் வருகிறார்.

கரையில் கிடந்த காலத்தில் அவர் படித்த ஒரே படிப்பு, பறவை எப்படிச் சுமக்கிறது என்பது. குளிர்காலத்தில் விராலடிப்பான் என்று ஒரு பறவை வரும். கல் விழுந்ததுபோலத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும். எழுந்ததும் நனைந்த நாய் மாதிரி உடம்பை ஒரு உதறு உதறும். அப்புறம் பறந்துகொண்டே ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்து, மீனின் தலை முன்பக்கம் வரும்படி திருப்பிக்கொள்ளும். குறுக்காகப் பிடித்தால் காற்று மீனைத் தள்ளும், மீன் பறவையைத் தள்ளும். மீனும் தன்கூடவே பறக்கிற மாதிரி பிடித்துவிட்டால் கனம் பாதி குறைந்துவிடும். ஐஸ் பெட்டியை வண்டியில் குறுக்கே கட்டாமல் நீளவாக்கில் கட்ட கில்பர்ட் கற்றுக்கொண்டது அதனிடம்தான்.

செம்பருந்தின் கணக்கு வேறு. அதற்குப் பெரிய மீன் கிடைத்தால் இரண்டு காலாலும் இறுக்கிக்கொண்டு நேரே ஒரு மரத்துக்குப் போய்விடும், திரும்பிக்கூடப் பார்க்காது. நடுத்தர மீன் என்றால் வம்பு. மற்றவை பின்னால் துரத்தும், இழுபறியில் மீன் கீழே விழும், யார் கூரையில் விழும் என்று சொல்ல முடியாது. மிகச் சிறிய மீன் என்றால்தான் அழகு. ஒரே காலில் பிடித்து, வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். இறங்காது. காற்றில் மிதந்து வட்டம் போட்டபடியே, காலை அலகுக்குக் கொண்டுவந்து, தலையைக் குனிந்து குனிந்து தின்னும். கீழே இருப்பவர்களுக்கு அதன் காலில் மீன் இருப்பதே தெரியாது.

இதெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று ஜோதிமேரி கேட்பார். பயன் இருக்கிறதென்று கில்பர்ட்டும் வெகுகாலம் நினைக்கவில்லை.

கூத்தங்கண்மாயில் சோணையம்மாள் என்று ஒருவர் இருக்கிறார். ஐம்பத்தைந்து வயது, மூன்று ஏக்கர் மிளகாய்க் காடு, தனிக்கட்டை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஊர்க் காளியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. வீட்டுக்கொரு பெண் தீர்த்தக் குடம் எடுத்து வர வேண்டும் என்பது ஊர் ஏற்பாடு. கோயில் வேலையை முன்நின்று தொடங்கியவர் சோணையம்மாளின் கணவர். வேலை முடிவதற்கு ஐந்து மாதம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். அவர் ஆசைப்பட்ட காரியம் என்று சோணையம்மாளும் ஒரு குடம் எடுத்து வந்தார். அன்று யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கலசத்தில் நீர் ஊற்றும் நேரம் கருடன் வந்து வட்டமிட வேண்டும். அதுதான் அம்மன் சம்மதித்ததற்கு அடையாளம். ஊரே கழுத்து நோக அண்ணாந்து நின்றது. ஒரு காக்கை வந்தது, இரண்டு மைனா வந்தன, கருடன் வரவில்லை. நல்ல நேரம் முடியப்போகிறதென்று ஐயர் நீரை ஊற்றிவிட்டார்.

அடுத்த நாளே பேச்சு கிளம்பிவிட்டது. புருஷன் செத்து ஆறு மாதம்கூட ஆகாதவள் குடம் எடுத்தால் கருடன் எப்படி வரும்? அந்த வருஷம் மழை தவறியதும் அந்தக் குடத்தால்தான். யாரோ வீட்டுப் பசு செத்ததும் அந்தக் குடத்தால்தான். யாரும் சோணையம்மாளை ஊரை விட்டுத் தள்ளி வைக்கவில்லை. கல்யாண வீட்டில் அவர் கையால் பந்தி பரிமாற விடவில்லை, அவ்வளவுதான். பிள்ளைக்குக் காது குத்தும்போது சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். கோயில் பக்கம் போவதை அவரே நிறுத்திக்கொண்டார்.

இந்தக் கதை கில்பர்ட்டுக்கும் தெரியும். மீன்காரருக்குத் தெரியாத கதை எந்த ஊரில் இருக்கிறது? உச்சுக்கொட்டிவிட்டு வண்டியை எடுத்துவிடுவார்.

பிறகு கொரோனா வந்தது. இரண்டு மாதம் வண்டி ஓடவில்லை. முடக்கம் தளர்ந்து முதல் நாள் கூத்தங்கண்மாய்க்கு வந்து, புளியமரத்தடியில் வழக்கம்போல் மீனைச் சுத்தம் செய்து, குடலை எடுத்து மேலே வீசினார். அது திரும்பித் தரையிலேயே விழுந்தது. பனைகளில் ஒரு பறவை இல்லை. ஆறு நாள் கழித்து ஒன்று வந்தது, அப்புறம் இரண்டு. ஏழும் சேர இருபது நாள் ஆனது.

ஏழாவதும் வந்த அன்று, கையில் கத்தியோடு கில்பர்ட் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கும்பாபிஷேகத்துக்குக் காப்புக் கட்டியதும் ஊருக்குள் கவுச்சி கூடாது. எல்லைக் கல்லைத் தாண்டி மீன் வண்டி வரக்கூடாது. சோணையம்மாள் குடம் எடுத்த வருஷமும் இருபத்தொரு நாள் அவர் வரவில்லை. ஆனி மாதம், கண்மாயும் காய்ந்து கிடந்தது. தின்ன ஒன்றும் இல்லாத ஊரில் பறவை எதற்கு இருக்கும்? கருடனை விரட்டியது சோணையம்மாளின் குடம் இல்லை. அம்மனுக்காக ஊர் பக்தியோடு இருந்த விரதமே விரட்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஜோதிமேரியிடம் சொன்னார்.

"இத அந்த ஊர்ல போயி சொல்லப்போறீகளா?" என்றார் ஜோதிமேரி. "அவுக சாமிக்கு வாரது ஒங்க மீன் கொடலுக்கு வாரதுன்னு சொன்னா சும்மா விடுவாகளா? நாம வேதக்காரவுக வேற. யாவாரமும் போயிரும், மரியாதையும் போயிரும்."

அதில் நியாயம் இருந்தது. அதனால் கில்பர்ட் வாயைத் திறக்கவில்லை. இன்று சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆறு வருஷம் ஓடிவிட்டது. சோணையம்மாளுக்கு மீன் நிறுக்கும்போதெல்லாம் ஒரு மீன் கூடுதலாகப் போடுவார். அந்த அம்மா, "என்னப்பா, கை தாராளமா இருக்கு" என்பார். அது தாராளம் இல்லை, பயம். கில்பர்ட்டுக்கு அது நன்றாகவே தெரியும்.

இந்த ஆனியில் மறுபடியும் கும்பாபிஷேகம் வைத்தார்கள். கோயில் கமிட்டித் தலைவர் முனியசாமி புளியமரத்தடிக்கே வந்து சொன்னார். "கில்பர்ட்டு, வெள்ளிக்கெழம காப்புக் கட்டுறோம். இருபத்தியொரு நாளைக்கு எல்லைக்கு அங்கிட்டே நின்னுக்க. தப்பா எடுத்துக்கிறாத."

"இதுல என்னண்ணே தப்பு?"

முனியசாமி நல்ல மனிதர்தான். சோணையம்மாளின் கணவருக்குச் சித்தப்பா மகன். போகிற போக்கில் அவரே சொன்னார்: "மதினிக்கிட்டயும் சொல்லிட்டேன். அன்னைக்கு ஒரு பொழுது வீட்டோட இருந்துக்கிருங்கன்னு. அவுகளும் சரின்னுட்டாக. பாவந்தான். இந்தத் தடவையாவது கருடன் வரணும்ல?"

அன்று திரும்புகிற வழியெல்லாம் கில்பர்ட்டுக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த முறையும் கருடன் வராவிட்டால் ஊர் இன்னொரு ஆளைத் தேடிப் பிடிக்கும். ஒருவேளை வந்துவிட்டால்? சோணையம்மாள் வீட்டோடு இருந்ததால்தான் வந்தது என்று ஆகிவிடும். பன்னிரண்டு வருஷமாகக் காதோடு காதாகப் பேசியது அன்றிலிருந்து கல்வெட்டு. கருடன் வர வேண்டும். வரும்போது சோணையம்மாள் கோயில் வாசலில் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்த அம்மாவின் பெயர் இனி ஜென்மத்துக்கும் மீளாது.

மறுநாள் பெட்டி இல்லாமல், குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மிளகாய்க் காட்டுக்கே போனார். சோணையம்மாள் பட்டுப்போன செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"யக்கா, ஒன்னு சொல்லணும். அன்னைக்குக் கருடன் வராததுக்கு நீங்க காரணமில்ல."

சோணையம்மாள் நிமிரவில்லை. கில்பர்ட் எல்லாவற்றையும் சொன்னார். கொரோனா, காலியான பனைகள், தரையில் விழுந்த குடல், இருபத்தொரு நாள் விரதம். சொல்லி முடித்தபோது அந்த அம்மாவின் கையில் பிடுங்கிய செடி அப்படியே இருந்தது.

"அப்ப எங்கம்மனுக்கு வரல, ஒன் மீனுக்குத்தான் வருதுங்கிறே?"

"பசிக்கு வருது யக்கா. பசிச்சு வாரது தப்பா? அன்னதானத்துக்கு வாரவுகள நீங்க சாமி கும்பிட வரலேன்னு சொல்லுவீகளா?"

சோணையம்மாள் செடியின் வேரில் ஒட்டிய மண்ணை உதறினார். "இது ஒனக்கு எப்பத் தெரியும்?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. "கொரோனா சமயத்துலயே" என்றார் கில்பர்ட்.

"ஆறு வருசம்." அந்த அம்மா செடியைக் கீழே போட்டார். "ஆறு வருசமா எனக்கு மீன் நிறுத்துக் குடுத்திருக்கே. எம் மூஞ்சியப் பாத்துப் பாத்துப் பேசியிருக்கே."

"யக்கா, நீங்க அன்னைக்குக் கோயிலுக்கு வரணும். நான் எல்லைக் கல்லுக்கு அங்கிட்டு, பனைக்குக் கீழ நிப்பேன். பிராந்துகள நான் கொண்டாந்திருவேன். நீங்க மட்டும்…"

"போயிரு கில்பர்ட்டு" என்றார் சோணையம்மாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் கில்பர்ட்டுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார்கள். கில்பர்ட் ஊருக்குள் வரவில்லை. கண்மாய்க்கரையின் மேற்கு முனையில், சீமைக்கருவேல் புதருக்குள் ஊர் எல்லைக் கல் புதைந்து கிடக்கிறது. அதற்கு ஒரு முழம் வெளிப்பக்கமாகத் தினமும் வண்டியை நிறுத்தினார். விரதத்தை மீற அவருக்கு மனம் இல்லை. தவக்காலத்தில் நம் வீட்டு வாசலில் ஒருவன் ஆட்டை அறுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்வார். புளியமரத்தடியில் ஏமாந்த பறவைகள் இரண்டாம் நாளே இடத்தைக் கண்டுகொண்டன.

அங்கே நின்றுதான் அவர் சோதித்துப் பார்த்தார். ஆனியில் கச்சான் காற்று மேற்கிலிருந்து விடாமல் அடிக்கும். பறவை இரையை எடுத்ததும் காற்றை எதிர்த்து ஏறும். ஏறியபின் வட்டம் போட்டுத் தின்னத் தொடங்கினால், வட்டத்துக்கு வட்டம் காற்று அதைக் கிழக்கே நகர்த்தும். கிழக்கேதான் கோயில். ஒரு நாள் கிழங்கான் போட்டுப் பார்த்தார்: நடுத்தர மீன், நாலு பறவை துரத்தி, கோயில் குளத்தருகே மீன் விழுந்தது. நல்லவேளை, ஒரு நாய் அதைக் கண்டது, ஆள் யாரும் காணவில்லை. கும்பாபிஷேகக் கலசத்தின் மேல் மீன் விழுந்தால்? நெத்திலி போட்டால் ஒரே வட்டத்தில் தீர்ந்துவிடுகிறது. காரல்தான் தோது. உள்ளங்கையில் பாதி இருக்கும், தட்டையான வெள்ளிப் பொடிமீன்; ஒரு காலுக்குள் அடங்கும்; நாலைந்து வட்டத்துக்கு வரும்; எலும்பு அதிகம் என்பதால் பறவை அவசரப்படாமல் தின்னும்.

கும்பாபிஷேகத்தன்று புதுமடம் கரையில் ஏலம் விடும் சதக்கத்துல்லாவிடம் போய், ஒரு கிலோ காரல் மட்டும் கேட்டார்.

"ஏன்ப்பா கில்பர்ட்டு, ஒரு கிலோ காரலுக்குப் பெட்ரோல் போட்டு சிக்கல் வரைக்கும் போறியா? யாருக்கு, கலெக்டருக்கா?"

"அவருக்கும் மேல" என்றார் கில்பர்ட். மதியக் குழம்புக்கென்று ஒரு ஊளியும் வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதரைக்கு எல்லைக் கல்லில் நின்றார். புதர் இடுக்கில் கோயில் தெரிந்தது. புது வர்ணம், சாரம், அதன்மேல் குடத்தோடு ஐயர்மார்கள், கீழே தலைகள். நாகஸ்வரமும் உறுமியும் ஒன்றையொன்று மிஞ்சப் பார்த்தன. ஒலிபெருக்கியில் முனியசாமியின் குரல் வந்துகொண்டே இருந்தது. ஏழு பறவைகளும் பனைமட்டைகளில் உட்கார்ந்து, கில்பர்ட்டின் கையையே பார்த்தன. அவற்றோடு, வயது நிரம்பாத பழுப்புக் குஞ்சுகளும் வந்திருந்தன. அவற்றுக்கு இன்னும் கருடன் நிறம் ஏறவில்லை.

சோணையம்மாள் வீட்டிலிருந்து கோயிலுக்குப் போகும் பாதை வெறிச்சென்று கிடந்தது.

மணி பத்து. "ஐயர் தயாரா இருக்காக. எல்லாரும் மேல பாருங்க. கருட பகவான் வாரப்ப எல்லாரும் கொரவை போடணும்" என்றது ஒலிபெருக்கி. ஊர் அண்ணாந்தது. கில்பர்ட் பெட்டி மூடியில் கை வைத்தார், எடுக்கவில்லை. பாதையில் யாரும் இல்லை.

பத்து ஐந்து. பத்து பத்து. நல்ல நேரம் பத்தரை வரை. உறுமிக்காரர்கள் களைத்து நிறுத்திவிட்டார்கள். குழந்தைகள் அழுவது காற்றை எதிர்த்தும் கேட்டது. முனியசாமியின் குரலில் ஈரம் போய்விட்டது. ஒரு ஊரின் சாமி காரியத்தை ஒரு மீன் பெட்டிக்குள் பூட்டி வைத்துக்கொண்டு நிற்க நீ யார் என்று கில்பர்ட்டுக்கே தன்னைக் கேட்கத் தோன்றியது. ஒரு பெண்ணுக்காக முந்நூறு பேரை வெயிலில் நிறுத்துகிறாயே? அதற்குப் பதிலும் அவரிடம் இருந்தது. முந்நூறு பேருக்காக ஒரு பெண்ணைப் பன்னிரண்டு வருஷம் வெயிலில் நிறுத்தியாயிற்று; அதில் ஆறு வருஷம் என் பங்கு.

பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டுத் திரும்பினார். சோணையம்மாள் கண்மாய்க்கரை மேலேயே நடந்து வந்திருந்தார். தலைக்குக் குளித்து, அரக்கு நிறச் சேலை கட்டியிருந்தார்.

"ஊரு அங்கன காத்துக் கெடக்கு. நீ எதுக்குக் கையக் கட்டிக்கிட்டு நிக்கிறே?"

"நீங்க அங்கன இல்லையே யக்கா."

"நீ சொன்னது நெசமான்னு எனக்குக் கண்ணால பாக்கணும். போடு."

கில்பர்ட் மூடியைத் திறந்தார். ஒரு காரலை எடுத்து, வாலைப் பிடித்து, காற்றுக்கு எதிரே வீசினார். பெரிய பறவை பனையிலிருந்து சரிந்து வந்து, மீன் திரும்பிக் கீழே வருவதற்குள் ஒரே காலால் அள்ளிக்கொண்டு, மேற்கே பார்த்து ஏறியது. ஏறி, சாய்ந்து, முதல் வட்டம் போட்டது. இரண்டாம் வட்டத்தில் கண்மாய் நடுவுக்கு மேலே இருந்தது. மூன்றாம் வட்டத்தில் தலையைக் குனிந்தபடி கோயிலுக்கு நேர் மேலே வந்தது.

குரவை ஒலி எழுந்து வந்தது. "வந்துட்டாரு! கருட பகவான் வந்துட்டாரு! தலையக் குனிஞ்சு அம்மனக் கும்பிடுறாரு பாருங்க!" என்று முனியசாமி அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார். கில்பர்ட்டுக்குச் சிரிப்பு வரவில்லை. அது தின்பதற்குத்தான் குனிகிறது என்று தெரிந்தும் அவர் கை தானாக நெஞ்சில் சிலுவை போட்டது.

சோணையம்மாள் அந்தப் பறவையைப் பார்த்தபடியே நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கரையிலிருந்து இறங்கி, காய்ந்த கண்மாய்க்குள் குறுக்காக, கோயிலை நோக்கி நடக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் கில்பர்ட்டுக்கு உறைத்தது. பறவை ஒரு மீனுக்கு நாலைந்து வட்டம்தான் நிற்கும். அந்த அம்மா கோயிலை அடைய எட்டு நிமிஷமாவது ஆகும். அவர் போய்ச் சேரும்போது வானம் காலியாக இருந்தால், வந்த கருடனும் இவளைக் கண்டு போய்விட்டது என்பார்கள். இதைவிடப் பெரிய கெடுதலை யாரும் அந்த அம்மாவுக்குச் செய்ய முடியாது.

கில்பர்ட் வீசத் தொடங்கினார். ஒன்று, மூச்சு விடும் நேரம், இன்னொன்று. ஒரே சமயத்தில் இரண்டு போட்டால் பறவைகள் ஒன்றுக்கொன்று சண்டைக்குப் போகும்; இடைவெளி விட்டால் வானம் காலியாகும். ஒன்று தின்று முடிக்கும் தறுவாயில் அடுத்தது ஏற வேண்டும். நாலு பறவை கோயில் மேல், இரண்டு ஏறுகிற வழியில், ஒன்று திரும்பி வருகிற வழியில். குஞ்சுகள் நடுவில் புகுந்து குழப்பின. ஒரு வசை விட்டு அவற்றுக்கும் போட்டார். மேலே ஐயர்மார்கள் கலசத்தில் நீர் ஊற்றிவிட்டார்கள். மிளகாய்க்கு மருந்தடிக்கும் புது மெஷினில் தீர்த்தத்தை நிரப்பிக் கூட்டத்தின் மேல் தெளித்தார்கள். அரக்குச் சேலை கண்மாயைத் தாண்டி, குளக்கரை ஏறி, பந்தல் வரை போய்விட்டது.

அங்கே போய் நின்றுவிட்டது.

"போங்க யக்கா, போங்க" என்று கில்பர்ட் புதருக்குள் நின்று முனகினார். காரல் இன்னும் ஐந்துதான் இருந்தது. பந்தல் வாசலில் சோணையம்மாள் ஒரு அடி எடுத்து வைக்காமல் நின்றார். பன்னிரண்டு வருஷமாக மிதிக்காத வாசல். நாலு. மூன்று. கடைசிக் காரலும் போய்விட்டது. பெட்டியில் ஊளி மட்டும் நீளமாகக் கிடந்தது. அதை முழுசாகப் போட்டால் ஒரு பறவை தூக்கிக்கொண்டு மரத்துக்குப் போகும், அல்லது கோயில் மேலேயே தவறவிடும்.

கத்தியை எடுத்தார். பதினாறு வருஷத்தில் அவ்வளவு வேகமாக அவர் மீன் அறுத்ததில்லை. செதில் எடுக்கவில்லை, முள் எடுக்கவில்லை. சுண்டுவிரல் அளவுத் துண்டுகளாக வெட்டி வெட்டி வீசினார். இடது பெருவிரல் நகத்தில் கத்தி இறங்கியது, அதையும் பார்க்கவில்லை. பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. காற்று அவற்றைப் பந்தல் வாசலுக்கு மேலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஒலிபெருக்கி, "பாருங்க, கருடன் போகாம வாசலுக்கு மேலயே நிக்கிறாரு… ஏய், அங்கன கீழ யாரு…" என்று சொல்லிவிட்டு நின்றுபோனது. கொர்ரென்ற சத்தம் மட்டும் வந்தது. அந்தச் சத்தம் நின்றபோது முனியசாமியின் குரல் மாறியிருந்தது.

"மதினி… மதினி, உள்ள வாங்க. ஏய், பாதைய விடுங்கப்பா. அவுகள வரவிடுங்க. அம்மனுக்கு முன்னால கொண்டாந்து நிறுத்துங்க."

அரக்குச் சேலை தலைகளுக்கு நடுவில் போய் மறைந்தது. கில்பர்ட் வண்டியில் சாய்ந்து, சத்தம் போட்டு அழுதார். யாரும் இல்லாத இடம், அதனால் வெட்கப்படவும் இல்லை. ஒரு பறவை திரும்பி வந்து பனையில் உட்கார்ந்து அவர் கையைப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார்.

நடந்ததை ஜோதிமேரியிடம் சொன்னபோது, முழுசும் கேட்டுவிட்டு, "ஊளி எங்க?" என்றார் ஜோதிமேரி. அன்று அவர்கள் வீட்டில் ரசம்.

காப்பு அவிழ்த்த மூன்றாம் நாள் புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். பெண்கள் சுற்றி நின்றார்கள். முனியசாமி வீட்டுக் கல்யாணத்தில் மஞ்சள் இடிக்கச் சோணையம்மாளைத்தான் முதல் உலக்கை போடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கூட்டம் கலைந்தபின் சோணையம்மாள் தட்டோடு வந்தார். கில்பர்ட் பெருவிரல் கட்டை மறைத்துக்கொண்டு, அரைக் கிலோ நிறுத்து, பழக்க தோஷத்தில் மேலே ஒரு மீனைப் போட்டார்.

சோணையம்மாள் அந்த மீனை எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தார்.

"கோயிலுக்குள்ள என்னை நீதான் கொண்டுபோயி விட்டே. அத மறக்கமாட்டேன்" என்றார். "ஆறு வருசம் தெரிஞ்சும் சும்மா இருந்தே. அதையும் மறக்கமாட்டேன். இது வேற, அது வேற. நிறுத்தத மட்டும் குடு, போதும்."

"சரிக்கா" என்றார் கில்பர்ட்.

அந்த அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கில்பர்ட் ஒருமுறை வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, அவர் திருப்பிக் கொடுத்த மீனைச் சின்னத் துண்டுகளாக அறுத்தார்.